மனைத்தோட்டம்: மலரும் கனியும் பிற உயிரும்

முன்னுரை

‘வீடு வாசல், தோட்டம் துரவு’ என இணைத்துச் சொல்வது தமிழ் வழக்கு. துரவு என்பது கிணறு. ஒருவருடைய வாழ்வு நிறைவுடையது என்பதைக் குறிக்க இந்நான்கையும் நம் முன்னோர் ஒருசேரச் சொன்னார்கள். இன்று வீடு இருக்கிறது; வாசல் சுருங்கியிருக்கிறது; துரவு ஆழ்துளைக் குழாயாகிவிட்டது; தோட்டமோ பல மனைகளில் சொல்லளவிலேயே எஞ்சி நிற்கிறது. பாகப் பிரிவினையின்போது நிலம் அளக்கப்படுகிறது. அளந்த மறுவாரம் கொல்லைக் கொய்யா வெட்டப்படுகிறது. அதற்கடுத்த வாரம் அவ்விடத்தில் சிமெண்டுத் தளம் போடப்படுகிறது. நம் ஊர்கள் பலவற்றில் நாம் கண்கூடாகக் காணும் காட்சி இது.

மனைத்தோட்டம் தரும் இன்பத்தை மூன்றாக வகுக்கலாம். மலரைக் கண்டும் முகர்ந்தும் மகிழ்வது ஒன்று. நம் கையால் நீர் வார்த்த மரத்தின் கனியை உண்பது இரண்டு. அங்கு வந்து போகும் பறவை, வண்டு, அணில், பட்டாம்பூச்சி ஆகியவற்றோடு பழகுவது மூன்று. முதலிரண்டையும் விரும்பாதார் இலர். மூன்றாவதையோ பலரும் தொல்லையாகவே கருதுகின்றனர். பூவும் பழமும் வேண்டும், பூச்சியும் புள்ளும் வேண்டா என்பது அவர்தம் விருப்பம். மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் நிலைபெறா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்வளம் காட்டும் தோட்டம்

வீட்டை ஒட்டிய தோட்டத்தைச் சங்க நூல்கள் ‘படப்பை’ எனக் குறிக்கின்றன. ‘கொல்லை’, ‘புழக்கடை’ முதலியன பிற்கால வழக்குகள். பெயர்கள் பலவாக இருப்பதே, மனையும் தோட்டமும் பிரியாதிருந்தமைக்குச் சான்றாகும். தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்து, புறத்தே வயிரம் உடையன புல், அகத்தே வயிரம் உடையன மரம் எனப் பிரித்துக் காட்டுகிறது. அவ்வகையில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சார்ந்தனவாகின்றன. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் ஒருங்கே இடம்பெறுகின்றன. மலரை மலர் என்று பொதுவாகச் சொல்லி நிறைவடையாமல், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்த சமுதாயம் நம்முடையது.

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தை விளக்குமிடத்துப் பூவின் நிலைகளை அரும்பு, போது, மலர், வீ, செம்மல் என எடுத்துக்காட்டினார். பிஞ்சிலும் இவ்வாறே வேறுபாடு உண்டு. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னையின் பிஞ்சு குரும்பை. இச்சொற்கள் ஏட்டில் பிறந்தவை அல்ல. நாள்தோறும் கொல்லைக்குச் சென்று, நேற்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டவர் வாயில் பிறந்தவை. இன்று நம் மாணவர் பலர் ‘கச்சல்’ என்னும் சொல்லைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். ஆனால், வாழைத்தாரில் கச்சலைக் கண்டதில்லை. தோட்டம் அழியும்போது மொழியின் ஒரு பகுதியும் உடன் அழிகிறது என்பது தமிழ்த்துறையினராகிய நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தியாகும்.

மலர்கள் காட்டும் பொழுது

ஒரு சிறு மனைத்தோட்டத்தில் ஒருநாள் முழுதும் கண்ணும் மூக்கும் ஒருங்கே பணி செய்தால், மலர்கள் நாழிகை காட்டுவதை உணரலாம். வைகறையில் பவளமல்லி தன் பூக்களைத் தரையில் உதிர்த்து வெண்மையும் செம்மையுமாக விரித்து வைக்கிறது. கதிரவன் எழும்போது செம்பருத்தி இதழ் விரிக்கிறது, அந்தியில் சுருங்கிவிடுகிறது. மாலை நான்கு மணியளவில் அந்திமந்தாரை மலர்கிறது. அதன் பெயரே அதன் பொழுதைச் சொல்கிறது. பொழுது சாய்ந்தபின் மல்லிகையும் முல்லையும் வாய் திறக்கின்றன.

இப்பொழுது வேறுபாடு வீணே அமைந்ததன்று. பகலில் மலரும் செம்பருத்தி போன்றவை நிறத்தால் அழைக்கின்றன; அவற்றை நாடி வருவன பகலில் உலவும் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் தேனீயும் ஆகும். இரவில் மலர்வன பெரும்பாலும் வெண்ணிறம் உடையன, மணம் மிக்கன. இருளில் சிவப்பு தெரியாது. வெண்மை ஓரளவு தெரியும். மணம் நன்கு பரவும். அம்மணத்தைத் தொடர்ந்து நீண்ட உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சிகள் வருகின்றன. நாம் கூந்தலில் சூடியும் மணமாலையில் தொடுத்தும் மகிழும் மல்லிகை மணம், முதற்கண் நமக்காக எழுந்ததன்று. ஒரு சிறு பூச்சிக்கு விடுக்கப்பட்ட அழைப்பு அது. இதனை அறிந்தபின் மல்லிகையின் மதிப்பு குறைவதில்லை, கூடுகிறது.

நம் இல்லங்களில் தவறாது இடம்பெற்ற செடி மருதோன்றி. பெருநாளுக்கு முந்தைய இரவிலும் திருமணத்திற்கு முந்தைய நாளிலும் பெண்மக்கள் கைகளைச் சிவக்கச் செய்வது இதன் இலை. இலையை அறிந்தவர் பலர். பூவை அறிந்தவர் சிலரே. கொத்துக் கொத்தாகப் பூக்கும் அச்சிறு மலர்களின் மணம் தோட்டம் முழுதும் நிறையும்; தேனீக்கள் அதனைச் சூழும். இலைக்காக ஓயாது கழிக்கப்படும் வேலியில் பூ வருவதில்லை. ஒரு கிளையையேனும் பூக்க விட்டுவைப்பது நன்று.

கனி தருவோர் யார்?

மனைத்தோட்டத்துக் கனிமரங்களின் ஊரைக் கேட்டால் வியப்பு உண்டாகும். மாவும் வாழையும் நெல்லியும் எலுமிச்சையும் இப்பகுதி உலகிற்கு உரியன. மாதுளை, ஈரான் நாட்டுப் பகுதியிலிருந்து பரவியது. கொய்யா, பப்பாளி, சீத்தா ஆகியன வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துக்கீசியர் காலத்தில் இங்கு வந்து சேர்ந்தன. வந்த சில நூற்றாண்டுகளில் அவை நம் மண்ணின் மக்களாகவே மாறிவிட்டன. ‘துலுக்கச் செவ்வந்தி’ என நாம் வழங்கும் மலரும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. துருக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெளியிலிருந்து வந்தது என்பதைக் குறிக்கத் தமிழர் வைத்த பெயர் அது. வந்தாரை வாழவைக்கும் பண்பு மனிதரிடம் மட்டுமன்றி மண்ணிடமும் உண்டு போலும்.

இக்கனிகளை நமக்குத் தருவோர் யார்? நட்டவரும் நீர் வார்த்தவரும் மட்டுமல்லர். முருங்கைப்பூவை உற்று நோக்கினால் கருநிறமுடைய பெருவண்டு போன்ற ஒன்று ரீங்காரமிட்டு வருவதைக் காணலாம். தச்சுத் தேனீ எனப்படும் அது பட்ட மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழ்வது. முருங்கை காய்ப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கொல்லையிலுள்ள பட்ட கிளைகளையெல்லாம் விறகாக்கிவிட்டு, ‘முருங்கை பூக்கிறது, காய்க்கவில்லை’ என வருந்துவார் உளர். மாம்பூவில் மகரந்தம் சுமக்கும் பணியில் பெரும்பகுதியைச் செய்வன நாம் இழிவாக எண்ணும் ஈக்களே. சுவரின் இடுக்கில் மெழுகுக் குழல் அமைத்து வாழும் கொசுத்தேனீ கொட்டும் ஆற்றல் இல்லாதது. ஆயினும் அஞ்சி அதன் வாயிலைச் சிமெண்டால் அடைத்துவிடுகிறோம்.

பப்பாளியில் நாட்டு வகைகள் பலவற்றில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூக்களை உடையது ஆண். தண்டை ஒட்டிப் பூப்பது பெண். காய்க்காத மரம் எனக் கருதி ஆண் மரத்தை வெட்டிவிட்டால் பெண் மரத்துப் பிஞ்சுகள் சரிவரத் தங்குவதில்லை. பயனற்றது எனத் தோன்றுவதும் பயனுடையதே என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

பறவைக்கும் மலருக்கும் உள்ள இவ்வுறவை நம் நாட்டில் முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. 1896இல் மும்பையில் பிறந்து 1987இல் மறைந்த அவர், மலரை நாடும் பறவைகளையும் பறவையை நாடும் மலர்களையும் பற்றி 1932இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் விரிவாக எழுதினார். காட்டுக்குச் செல்ல இயலாதவரும் இவ்வுறவைக் கொல்லையிலேயே காணலாம். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, வீட்டு இறவாரத்தை ஒட்டிய கொடியிலும் தன் தொங்கு கூட்டைக் கட்டும். சிலந்தி நூலே அதன் சாந்து. தானோ தேன் அருந்தும். தன் குஞ்சுக்கோ புழுவும் பூச்சியும் ஊட்டும். ஒட்டடை முழுவதையும் துடைத்து, புழு முழுவதையும் மருந்தடித்துக் கொன்ற வீட்டில் தேன்சிட்டு கூடு கட்டுவதெங்ஙனம்? தையல்சிட்டும் அவ்வாறே. அகன்ற இலையின் ஓரங்களை நாராலும் சிலந்தி நூலாலும் தைத்து, அப்பையினுள் கூடு அமைக்கும் அதன் கைத்திறனைப் புகழாதார் இலர்.

கறிவேப்பிலைக் கன்று கொல்லையின் எதிர்பாராத மூலையில் முளைத்திருப்பதைப் பலர் கண்டிருப்பர். நட்டவர் எவரும் இரார். அதன் கருநிறப் பழத்தைக் குயிலும் கொண்டைக்குருவியும் விரும்பி உண்ணும். அவை உண்டு எச்சமிட்ட இடத்தில் கன்று முளைக்கிறது. நம் குழம்பு மணப்பதற்குக் குயிலும் ஒருவகையில் காரணமாகிறது.

பழி சுமந்த உயிர்கள்

கெட்டுப்போன காய்களுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சொத்தை, வெம்பல், அழுகல் என்பன யாவரும் அறிந்தவை. இவற்றோடு ‘கூகைக்காய்’, ‘தேரைக்காய்’ என்னும் இரண்டையும் பாவாணர் குறிப்பிடுகிறார். கோட்டான் அமர்ந்தமையால் கெட்ட காய் கூகைக்காய்; தேரை அமர்ந்தமையால் கெட்ட காய் தேரைக்காய் என்பது பொருள். இவை மக்களின் நம்பிக்கையைப் பதிவுசெய்யும் சொற்கள் என்ற அளவில் போற்றத்தக்கன. உண்மை என்ற அளவில் ஆராயத்தக்கன.

தேங்காய் சுருங்கிப் பருப்பின்றிப் போவதற்கு ஊட்டச்சத்துக் குறைவு, மகரந்தச் சேர்க்கைக் குறைவு, ஈரியோபைட் என்னும் கண்ணுக்குத் தெரியாச் சிலந்திப்பேன் ஆகியன காரணங்கள் என இன்று அறிகிறோம். தேரைக்கு இதில் பங்கில்லை. அது பூச்சி தின்று வாழ்வது. கூகையோ தென்னைக்கு நண்பன். குரும்பையைக் கடித்துத் துளைத்து வீழ்த்துவது எலி. அவ்வெலியை இரவெல்லாம் வேட்டையாடுவது கூகை. காவற்காரன் மீதே களவுப்பழி சுமத்திய கதையாக இது முடிந்திருக்கிறது.

வௌவாலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தில் அப்பட்டியலே நீக்கப்பட்டது. வௌவால் கொய்யாவையும் வாதுமையையும் கவ்விச் செல்வது உண்மை. ஆனால், இலுப்பையின் விதையைத் தொலைவிற்குக் கொண்டுசெல்வதும், இலவம்பூவிலும் வாழைப்பூவிலும் இரவில் தேன் அருந்துவதும் அதுவே. தமிழகத்தின் சில சிற்றூர்களில், வௌவால்கள் தங்கும் ஆலமரத்தின் பொருட்டுத் தீபாவளி நாளிலும் மக்கள் வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அருகிலுள்ள வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக இவ்வாறே ஒழுகி வருகின்றனர்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. அணில் கடித்த பழம் இனிக்கும் எனக் கூறி, கடிபட்ட கொய்யாவை எடுத்து உண்ணும் வழக்கம் நம்மிடையே இருந்து வந்தது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா என்னும் கொடிய நோய் தோன்றிப் பல உயிர்களைக் கவர்ந்தது. அந்நோயின் கிருமிக்குப் பழந்தின்னி வௌவால் இயற்கையான உறைவிடம் என அறிவியலார் கண்டுள்ளனர். ஆகவே, எவ்வுயிர் கடித்தது என்று அறிய இயலாத பழத்தை உண்ணலாகாது. முழுப்பழத்தையும் நன்கு கழுவி, தோல் நீக்கத்தக்கதாயின் நீக்கியே உண்ண வேண்டும். ஆனால், அச்சத்தால் மரத்தை வெட்டுவதும் வௌவாலைக் கொல்வதும் அறிவுடைமை ஆகா. இருப்பிடம் இழந்த வௌவால் மனிதர் வாழிடத்தை மேலும் நெருங்கியே வரும். கடித்தது அதற்கு, கடிக்காதது நமக்கு என்னும் எல்லைக்கோடு இருசாரார்க்கும் நன்மை பயப்பதாகும்.

விருந்தும் வரம்பும்

அவ்வாறாயின் தோட்டத்தைப் பூச்சிகளுக்கே விட்டுவிடுவதா என வினவலாம். அன்று. விருந்துக்கும் வரம்பு உண்டு.

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் இலையைத் தின்னும் புழுவை முதலில் எடுத்துக்கொள்வோம். இளமையில் அது பறவையின் எச்சம் போலத் தோன்றும். பகைவரை ஏமாற்ற இயற்கை தந்த வேடம் அது. வளர்ந்தபின் இலையின் பச்சை நிறம் பெறும். தொட்டால், தலைக்குப் பின்னிருந்து கவை போன்ற செந்நிற உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும். இதுவே சில வாரங்களில் கருமையும் மஞ்சளும் கலந்த எலுமிச்சைப் பட்டாம்பூச்சியாகிப் பறக்கிறது. வளர்ந்த மரம் சில இலைகளை இழப்பதால் கேடில்லை. அங்கே புழுவை விட்டுவைக்கலாம். இளங்கன்றில் கண்டால் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் விடலாம்.

எல்லாப் பட்டாம்பூச்சியும் இவ்வாறு பொறுக்கத்தக்கதன்று. மாதுளையின் பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும் ஒருவகைப் பட்டாம்பூச்சியின் புழு காயைத் துளைத்து உள்ளே சென்று அழித்துவிடும். இதற்கு நஞ்சு தேவையில்லை. பிஞ்சு பிடித்தவுடன் மெல்லிய துணிப்பை கட்டிவிட்டால் போதும். கொய்யாவிற்குக் கேடு செய்வது பழ ஈ. புழு வைத்து உதிர்ந்த பழங்களை மரத்தடியிலேயே விட்டால் அவற்றிலிருந்து அடுத்த தலைமுறை கிளம்பும். நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைப்பதே தக்க வழி. முருங்கைத் தண்டில் கூட்டமாக மொய்க்கும் கம்பளிப்பூச்சியைத் தீப்பந்தம் கொண்டு எரிப்பது வழக்கம். பிற பறவைகள் தீண்டாத அம்மயிர்ப்புழுவைச் சுடலைக்குயில் விரும்பி உண்கிறது. எனினும், வீட்டுக் குழந்தைகளின் உடலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் உண்டாக்குமாதலின் புழங்கும் இடத்தில் அதனை அகற்றுதல் முறையே.

பழத்தைக் காக்க மரம் முழுதும் மெல்லிய நரம்பு வலையைப் போர்த்துவது கொடியது. பறவையும் ஓணானும் அணிலும் அதிற் சிக்கி மாள்கின்றன. எட்டும் கிளைகளின் பழங்களுக்குப் பை கட்டிக்கொண்டு, எட்டாத உச்சிக்கிளையை விட்டுவிடலாம். உச்சிக்கிளையின் பழத்தை நாம் எப்படியும் பறிக்கப் போவதில்லை.

பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது இந்நாட்டில் சட்டப்படி குற்றமாகும். கிளியைக் காண விழைவோர்க்குக் கொய்யா மரமே போதும். கூண்டுக்கிளி கற்பித்ததைச் சொல்லும். மரக்கிளி தன் மொழியையே பேசும். எது இனிது என்பதைக் கேட்டறிந்தவர் கூறட்டும்.

அறமாகும் மரம்

இஸ்லாமிய மரபில் தோட்டத்திற்குச் சிறப்பிடம் உண்டு. சுவனத்தைக் குறிக்கும் ‘ஜன்னத்’ என்னும் அரபுச் சொல்லின் பொருளே தோட்டம் என்பதாகும். பேரீச்சை, திராட்சை, ஒலிவம், அத்தி, மாதுளை ஆகிய கனிகள் திருக்குர்ஆனில் பெயர் சுட்டப்பெறுகின்றன. அதன் அத்தியாயங்களுள் ஒன்று தேனீயின் பெயராலும் மற்றொன்று எறும்பின் பெயராலும் வழங்குகின்றன. பாபர் (1483–1530) தம் நினைவுக் குறிப்புகளில் இந்நாட்டின் விலங்குகளையும் பறவைகளையும் கூறி, அதன்பின் மாங்கனி முதலிய பழங்களையும் செம்பருத்தி முதலிய மலர்களையும் வரிசையாக வருணித்துள்ளார். உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டைத் தமிழகத்தின் நீர்வளமும் சோலைவளமும் கொண்டதாகவே பாடினார். சோலையின்றிச் சிறப்பான நாடொன்றை எண்ணிப் பார்க்கத் தமிழ்ப்புலவர்க்கு இயலவில்லை.

மரம் நட்டவர்க்கு, அதிலிருந்து மனிதரோ விலங்கோ பறவையோ உண்ணும் ஒவ்வொன்றும் தருமமாக எழுதப்படும் என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. முஸ்லிம் தொகுப்பிலுள்ள மற்றோர் அறிவிப்பு, களவு போனதையும் தருமமாகவே எண்ணுகிறது. நாம் ஈண்டு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. நட்டவர் மனமுவந்து எடுத்துக் கொடுத்தது மட்டுமே அறம் எனக் கூறப்படவில்லை. அவரறியாமல் அணில் உண்டதும் கிளி கொத்தியதும் அறமாகின்றன. ஏனைய தருமங்களைச் செய்ய நாம் கை நீட்ட வேண்டும். இத்தருமமோ நாம் உறங்கும்போதும் நடைபெறுகிறது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றும் தமிழ் நெஞ்சத்திற்கு இவ்வறம் புதியதன்று.

இடமும் நீரும்

‘எங்களுக்கு இடமில்லை’ என்பதே இன்று பெரும்பாலோர் கூறும் மறுமொழி. ஐந்து சென்ட் மனையில் வீடு போக எஞ்சும் இடம் சிறிதே. ஆயினும் வெயில் படும் மூலையில் ஒரு முருங்கை, குளியலறை நீர் செல்லும் வழியில் இரண்டு வாழை, வேலியோரம் மருதோன்றி, ஒரு கொய்யா அல்லது ஓர் எலுமிச்சை, வாயிலில் மல்லிகைக் கொடி ஆகியவற்றிற்கு அவ்விடம் போதும். பப்பாளி ஓராண்டிற்குள் பழம் தரத் தொடங்கும். பதியன் கொய்யா இரண்டு மூன்றாண்டில் காய்க்கும். அடுக்குமாடியில் வாழ்வோர் மண்தொட்டிகளில் மல்லிகை, துளசி, புதினா, கறிவேப்பிலை ஆகியவற்றை வளர்க்கலாம். அகன்ற மண் தட்டில் ஆழமின்றி நீர் வைத்தால் கோடையில் பறவைகள் வரும்; கொசு பெருகாதிருக்க அந்நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

நீருக்கும் வழியுண்டு. ஒளுச் செய்த நீர் சோப்புக் கலவாதது. ஐவேளையும் ஒரு குடும்பத்தார் பயன்படுத்தும் அந்நீரைச் சாக்கடைக்கு விடாமல் சிறு வாய்க்கால் அமைத்து மரத்தடிக்கு விடலாம். பள்ளிவாசல்களிலும் கல்லூரித் தொழுகைக் கூடங்களிலும் இதனைச் செய்தால் ஒரு தென்னந்தோப்பையே வளர்க்கலாம். தமிழக அரசு 2003இல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சிமெண்டு பூசாத கொல்லை மண் அதனினும் பழமையான மழைநீர்த் தொட்டியாகும்.

தோட்டம் மறைவதால் பெரிதும் இழப்பவர் வீட்டிலுள்ள முதியோரும் பெண்மக்களுமே. ஆடவர்க்குக் கடைத்தெருவும் திண்ணையும் உண்டு. நம் நன்னிமார்க்கும் பாட்டிமார்க்கும் காற்றும் வெயிலும் பேச்சுத்துணையும் கிடைத்த இடம் கொல்லையே. கீரை ஆய்ந்ததும், பூத் தொடுத்ததும், பேரக்குழந்தைக்கு அணிலைக் காட்டிச் சோறூட்டியதும் அங்கேதான். நோன்புக் கஞ்சிக்குப் புதினா கேட்டு வந்த அண்டை வீட்டார் ஒருவரோடொருவர் நலம் உசாவிக்கொண்டதும் அங்கேதான். இவையாவும் சதுர அடிக் கணக்கில் வாரா. ஆதலால் விலை பேசுவோர் இவற்றைக் கணக்கில் கொள்வதில்லை.

நிறைவாக

மலர், கனி, பிற உயிர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதை மேலே கண்டோம். வண்டு இன்றிக் காய் இல்லை. புழு இன்றித் தேன்சிட்டுக்குஞ்சு இல்லை. குயில் இன்றி எதிர்பாரா மூலையில் கறிவேப்பிலை இல்லை. சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), பெருங்காட்டு விலங்குகளோடு, வீட்டைச் சுற்றி வாழும் எளிய உயிர்களையும் நுணுகிக் கண்டு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். அத்தகைய பார்வை நம் மாணவர்க்கும் வாய்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ விடுதி வளாகத்திலோ உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்து, ஓராண்டுக் காலம் அதில் பூத்ததும் காய்த்ததும் வந்ததும் போனதுமாகிய யாவற்றையும் நல்ல தமிழில் குறித்து வருவாராயின், அது சிறந்த மொழிப்பயிற்சியும் ஆகும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். மனையைப் பிரிக்கும் நாளில், மக்களுக்குரிய பங்குகளை எழுதியபின், கொல்லை மரம் எவர் பங்கில் விழுகிறது என்பதையும் உடனிருந்து பாருங்கள். விழுந்தவரிடம், இம்மரத்தில் பெயர் எழுதப்படாத பங்குதாரர் பலர் உளர் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கோடாலி தூக்கும் கை சற்றே தயங்கினாலும் போதும். அத்தயக்கத்தில் ஒரு மரம் பிழைக்கும். அம்மரத்தில் ஒரு கூடு பிழைக்கும்.

கோடை முடிந்து மழை தொடங்கும் பருவமே கன்று நடுவதற்கு உகந்தது. இவ்வாண்டு மழைக்குமுன் ஒரு குழி தோண்டுவோமாக.